குன்னூர் ஏற்றத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்ட முடியுமா?

கேள்வி இது: "எனக்கு 39 வயது, குன்னூரில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள். பள்ளி நாட்களில் திருப்பூரில் சைக்கிள் ஓட்டியதோடு சரி. இப்போது உடம்புக்காகவும் மனசுக்காகவும் மறுபடி ஓட்ட ஆசை. 'இந்த ஏத்தத்துல பொம்பளைங்க சைக்கிள் மிதிக்கவா?' என்று வீட்டில் சிரிக்கிறார்கள். எந்த சைக்கிள் வாங்குவது, எந்த ரோட்டில் ஓட்டுவது, உட்காரும் இடத்தில் வலி வராமல் இருக்க என்ன வழி, மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது?"

முடியும். நான் கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். 37 வயதில் மறுபடி சைக்கிள் எடுத்தேன், இப்போது 47. பந்தயத்துக்குப் போனதில்லை, போகும் எண்ணமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் 25, 30 கிலோமீட்டர், வாரத்தின் நடுவில் நேரம் கிடைத்தால் ஒரு மணி நேரம். என்னோடு வருகிறவர்களில் ஒருவர் நர்ஸ், ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார், ஒருவர் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். யாரும் விளையாட்டு வீராங்கனை இல்லை.

நம் ஊரில் சைக்கிள் என்றதும் பலருக்கு நினைவு வருவது டூர் ஆஃப் நீல்கிரிஸ் என்ற பல நாள் சைக்கிள் பயணம். 2008 டிசம்பரில் தொடங்கியது. இறுக்கமான உடை போட்டு, ஒரு விரலால் தூக்கிவிடலாம் போன்ற சைக்கிளில், மசினகுடிப் பக்கமிருந்து ஊட்டிக்கு வரும் கல்லட்டி மலைப்பாதையில் ஏறுவார்கள். பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு மலையில் சைக்கிள் ஓட்டுவது என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பெண்கள் ஆரம்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஓட்டப்போவது வேறு. யாரையும் முந்த வேண்டியதில்லை, எங்கேயும் இறங்கித் தள்ளலாம், டீக்கடையில் அரை மணி நேரம் உட்காரலாம்.

ஏற்றத்தில் நம்மை நிறுத்துவது பெரும்பாலும் காலில் உள்ள பலக்குறைவு கிடையாது, சைக்கிளில் உள்ள பல்லின் எண்ணிக்கை. இதைக் கணக்காகவே காட்டுகிறேன், கடையில் நிற்கும்போது உதவும். கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் முன்னால் செயின்வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்ற கணக்கில் இருக்கும். பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 5 மீட்டருக்கு மேல் போகும். திருப்பூரில் அது சுகம். நம் ஊரில் கொஞ்சம் செங்குத்தான ரோடு என்றால் 8 சதவீத ஏற்றம், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் நம் மலை ரயில் பல்சக்கரம் மாட்டி ஏறுகிறதே, அங்கே சாய்வு பன்னிரண்டரைக்கு ஒன்று, அதுவும் இதே 8 சதவீதம்தான். அந்த ஏற்றத்தில் 5 மீட்டர் போனால் உங்களையும் சைக்கிளையும் சேர்த்து 40 சென்டிமீட்டர் மேலே தூக்குகிறீர்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு மிதி, ஆக ஒரு மிதிக்கு 20 சென்டிமீட்டர். வீட்டு மாடிப்படி ஒன்றைவிடக் கொஞ்சம் உயரம். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் 120 படி. நிற்காமல் மாடி ஓடி ஏறுவதற்குச் சமம். இரண்டு நிமிடத்தில் யாருக்கும் மூச்சு முட்டும், ஆணோ பெண்ணோ.

இப்போது முன்னால் 28 பல், பின்னால் 34 பல் உள்ள சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டர்தான் போகும். ஒரு மிதிக்குத் தூக்குவது 7 சென்டிமீட்டர், அரைப் படி கூட இல்லை. வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் வரும், நடையைவிடச் சற்று அதிகம். அது போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு நம் ரயிலே சராசரியாக மணிக்குப் பத்து கிலோமீட்டர்தான் வருகிறது, அதை யாரும் மெதுவென்று குறை சொல்வதில்லை.

அதனால் கடையில் "எத்தனை கியர்?" என்று கேட்காதீர்கள். 21 கியர், 24 கியர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது. "பின்னால் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல், முன்னால் சின்னதில் எத்தனை பல்?" என்று கேளுங்கள். பின்னால் உள்ளது முன்னால் உள்ளதைவிட அதிகமாக இருக்க வேண்டும், குறைந்தது சமமாவது இருக்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் நீங்களே விரல் வைத்து எண்ணுங்கள், கூச்சப்படவே வேண்டாம். முன்னால் ஒரே செயின்வீல், அதில் 40 பல் என்று இப்போது நிறைய மாடல் வருகிறது. பார்க்க அழகு, பின்னால் அவ்வளவு பல் இல்லை என்றால் நம் ரோட்டுக்கு ஆகாது. வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு பைக்கில் முன்னால் 50, 34 இரண்டு, பின்னால் பெரியது 28 என்று இருந்தால் ஆரம்பத்தில் கஷ்டப்படுவீர்கள். பின்னால் 34 போட முடியுமா, அதற்காகப் பின்பக்கம் செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் மாற்றும் டிரெய்லரையும் மாற்ற வேண்டுமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது நேர் ஹேண்டில்பார் உள்ள ஹைபிரிட் சைக்கிள், அதாவது ரோடு பைக்குக்கும் மவுண்டன் பைக்குக்கும் நடுவில் உள்ளது. 15,000 முதல் 30,000 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். டயர் 32 முதல் 38 மில்லிமீட்டர் அகலம். முன்னால் ஸ்ப்ரிங் வேண்டாம், எடைதான் கூடும், ஏறும்போது உங்கள் பலத்தை அது தின்னும். டிஸ்க் பிரேக் கட்டாயம், காரணம் கீழே சொல்கிறேன்.

"லேடீஸ் மாடல்" என்ற பேச்சில் நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். 2015இல் கோயம்புத்தூரில் ஒரு கடையில், "அக்கா, லேடீஸுக்கு இதுதான்" என்று ஊதா நிறத்தில் கூடை வைத்த ஒன்றைக் கொடுத்தார்கள். மெத்தை மாதிரி அகலமான ஜெல் சீட், இரும்பு ஃபிரேம், கியர் இல்லை. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் முக்கால் கிலோமீட்டரில் மூன்று இடத்தில் இறங்கினேன். குறை என்னிடம்தான் என்று எட்டு மாதம் நம்பினேன். அந்த எட்டு மாதத்துக்காக இன்னும் எனக்கு வருத்தம் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பல் கணக்கு சொல்கிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண். 1992 வாக்கில் அங்கே அறிவொளி இயக்கத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எங்கள் அம்மா களை எடுக்கப் போகிறவர், அப்போது அவருக்கு 35 வயது இருக்கும். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பேர் கேரியரைப் பிடிக்க, ஓட்டிப் பழகினார். அவ்வளவு பெண்களுக்கு லேடீஸ் சைக்கிள் எங்கே கிடைக்கும்? பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். பிறகு அம்மா அதையே விரும்பினார், அந்தப் பாரில் தம்பியை உட்கார வைத்துக் கூட்டிப்போகலாம் என்று. சைக்கிளில் ஆண், பெண் என்று பார்ப்பதைவிட உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் காரியம் என்பதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன், புரிந்தது ரொம்ப நாள் கழித்து.

பொருத்தம் என்றால் இதுதான். நம்மில் பலர் 150 முதல் 158 சென்டிமீட்டர் உயரம். கடையில் பெரும்பாலும் மீடியமும் லார்ஜும்தான் நிற்கும். "சீட்டை இறக்கித் தருகிறேன், சரியாகிவிடும்" என்பார்கள். சீட்டை இறக்கினால் உயரம் சரியாகும், நீளம் சரியாகாது. ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க உடம்பை நீட்ட வேண்டியிருக்கும், இரண்டு வாரத்தில் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். ஸ்மால் அல்லது எக்ஸ்ட்ரா ஸ்மால் ஃபிரேம் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள், பத்து நாள் காத்திருந்தால் பரவாயில்லை. ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை நீளம் குறைந்ததாக மாற்றலாம். பெரிய செலவு இல்லை.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்ல மாட்டார்கள். பிரேக் லீவர் பெரிய கைக்கு வைத்ததாகத்தான் வரும். எங்கள் குழுவில் தையல் கடைக்காரர் இறக்கத்தில் எப்போதும் பயந்துகொண்டே வந்தார். ஒருநாள் அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனி மட்டும்தான் லீவரில் பட்டுக்கொண்டிருந்தது, நகம் வெளுத்துப்போயிருந்தது. லீவர் ஹேண்டில்பாரோடு சேரும் இடத்தில் உள்பக்கமாக ஒரு பொடி ஸ்குரு இருக்கும். அதைச் சின்ன அலென் சாவியால் முறுக்கினால் லீவர் கைக்குப் பக்கமாக வரும். நான்கு முறுக்கு முறுக்கினோம். விரலின் நடு மடிப்பு லீவரில் உட்கார்ந்தது. அதற்குமேல் அவரிடம் பயம் என்ற பேச்சே வரவில்லை. முறுக்கிய பிறகு லீவரை முழுதாக அழுத்திப் பாருங்கள், ஹேண்டில்பாரில் போய் இடிக்கக் கூடாது. இடித்தால் பிரேக் கேபிளை இறுக்க வேண்டும்.

அடுத்தது சீட், நீங்கள் கேட்ட வலி. மெத்தென்ற அகலமான சீட் பத்து நிமிடத்துக்கு இதமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் அதுதான் வலி கொடுக்கும். உடம்பின் எடை இரண்டு உட்காரும் எலும்பின் மேல் நிற்க வேண்டும். மெத்தையில் எலும்பு புதைந்துபோய் நடுவில் உள்ள மென்மையான இடத்தில் அழுத்தம் விழும். அந்த எலும்புகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும், உடம்பு பருமனுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வீட்டிலேயே அளக்கலாம். அட்டைப்பெட்டியின் நெளி அட்டை ஒன்றை வெட்டி வாசல் படியில் போட்டு, மெல்லிய பேன்ட்டோடு அதன்மேல் உட்காருங்கள். முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி, முன்னால் குனிந்து, ஒரு நிமிடம். எழுந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு குழி தெரியும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளந்து, 2 அல்லது 3 சென்டிமீட்டர் கூட்டினால் வருவதுதான் உங்களுக்கு வேண்டிய சீட்டின் அகலம். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டாகப் பாருங்கள். சீட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. ஓட்டும்போது மரத்துப்போனால் அது சாதாரணம் என்று விட்டுவிடாதீர்கள், மூக்கை நூலளவு இறக்கிப் பாருங்கள்.

உயரம் வைப்பது எளிது. பெடல் கடைசியாகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஏத்தத்தில் நின்றுவிட்டால் காலூன்ற வேண்டுமே என்று எல்லோரும் சீட்டைத் தாழ்வாக வைக்கிறார்கள், முழங்கால் போவதற்கு முதல் காரணம் அதுதான். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள். வீட்டு வாசலில் இருபது தடவை செய்தால் வந்துவிடும்.

பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் ஒன்று வாங்குங்கள், பெண்களுக்கான தையலில். வெளியே தெரியக் கூடாது என்றால் அதன்மேல் தளர்ந்த டிராக் பேன்ட்டோ சுடிதார் பேன்ட்டோ போட்டுக்கொள்ளலாம், நானும் அப்படித்தான். அதற்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது. தையல் உரசித்தான் புண் வரும். உரசும் இடத்தில் வாசலைன் தடவலாம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதைக் கழற்றித் துவைப்பது. சமவெளிக்காரர்களுக்கு இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, நமக்கு உண்டு. ஜூலையிலும் நவம்பரிலும் குன்னூரில் துணி காய மூன்று நாள் ஆகும். வெளித்துணி காய்ந்தாலும் பேட் உள்ளே ஈரமாகவே இருக்கும். அதைப் போட்டால் படர்தாமரை வரும். இரண்டு ஷார்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் வெளியே திருப்பி, ஃபேனுக்குக் கீழே காய வையுங்கள், அமுக்கிப் பார்த்து ஈரம் இல்லை என்றால்தான் போட வேண்டும்.

மாதவிடாய் நாட்களில் ஓட்டலாம், உடம்பு சொல்வதைக் கேட்டு. முதல் நாள் வயிற்றுவலி இருந்தால் படுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. லேசான ஓட்டம் வலியைக் குறைக்கிறது என்று எங்களில் இரண்டு பேர் சொல்வார்கள், எனக்கு அப்படி இல்லை. நாப்கின்தான் சிரமம். ஷார்ட்ஸ் பேடின் மேல் அது சுருண்டு உரசும். மென்ஸ்ட்ருவல் கப் பழகியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கப் வேண்டாம் என்றால் அந்த நாட்களில் பேட் ஷார்ட்ஸைத் தவிர்த்து, பருத்தி உள்ளாடை, மெல்லிய நாப்கின், அரை மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சைக்கிள் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள், இதை நான் கெஞ்சியே கேட்பேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். ரத்தசோகை உள்ளவருக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும், படபடக்கும், கால் கனக்கும். "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்று அவர் நினைத்துக்கொள்வார். எங்கள் குழுவில் கணக்கு எழுதும் பெண்ணுக்கு 8.4 இருந்தது. நான்கு மாதம் இரும்புச்சத்து மாத்திரை எடுத்த பிறகு அதே ரோட்டில் பேசிக்கொண்டே ஏறினார். அதோடு நம் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர், ஊட்டி 2,240. ஊட்டியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அவ்வளவு கம்மி. உங்கள் உடம்பு பழகியிருக்கும், ஆனால் சமவெளியிலிருந்து வரும் தோழிகளை முதல் நாளே ஏற்றத்தில் கூட்டிப்போகாதீர்கள்.

ஏறும் விதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரை லேசாக்குங்கள். பாதி ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச முடியவில்லை என்றால் குறையுங்கள், குறைக்க இடமில்லை என்றால் இறங்கித் தள்ளுங்கள்.

இறக்கம் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் அடிபடுவது பெரும்பாலும் இறங்கும்போது. முதலில் பிரேக். சக்கர விளிம்பைப் பிடிக்கும் கட்டை பிரேக் மழையில் நனைந்தால் முதல் சில நொடிக்குப் பிடிக்காது. நம் ஊரில் மழைக்கு நாள் கிடையாது, அதனால்தான் டிஸ்க் என்றேன். எந்த பிரேக்காக இருந்தாலும் இறக்கம் முழுக்க லேசாக அழுத்தியபடியே வராதீர்கள், சூடேறிப் பிடிப்பு குறையும், கையும் மரத்துவிடும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். வேகம் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் போய் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். வளையும்போது வெளிப்பக்கக் கால் கீழே, கண் வளைவின் முடிவில். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்கே போகும், இது பயத்தில் எல்லோருக்கும் நடப்பது.

கொண்டை ஊசி வளைவில் பஸ் வந்தால் அதற்கு ரோடு முழுதும் வேண்டும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு மேலேயே இடதுபக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். மலை ரோட்டில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, சட்டமும் அதுதான், நம் டிரைவர்கள் அதை மதிக்கிறார்கள். வெளியூர் கார்தான் பார்த்துக்கொள்ள வேண்டியது, வளைவில் வலதுபக்கம் ஏறி வருவார்கள். சவுக்கு மரத்தடியிலும் சில்வர் ஓக் வரிசையிலும் விழுந்த இலை ஈரத்தில் சோப்பு மாதிரி. வளைவுக்கு முன்னால் போட்டிருக்கும் தடித்த மஞ்சள் கோடும் அப்படியே. மழை விட்ட பிறகு முதல் பத்து நிமிடம் ரோட்டில் எண்ணெய் மிதக்கும், ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஐந்து கிலோமீட்டர் இறங்கினால் ஒரு தடவை நின்று கையை உதறுங்கள். அப்போது டிஸ்க்கைத் தொடாதீர்கள், கொப்புளித்துவிடும்.

ரோடு. குன்னூரில் ஆரம்பிக்க வெலிங்டன் பக்கம் நல்லது. ரோடு சுத்தம், ஏற்றம் மிதம். ராணுவப் பகுதி என்பதால் எங்கே அனுமதி உண்டு என்று கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள். அங்கிருந்து அரவங்காடு வரை போய்த் திரும்புவதை முதல் மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம், மெயின் ரோடு என்பதால் காலை நேரத்தில் மட்டும். இரண்டாவது மாதம் குன்னூரிலிருந்து கோத்தகிரி ரோட்டில் கட்டபெட்டு வரை. வழியெல்லாம் தேயிலை, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும், ஒரே மூச்சாக ஏற்றம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது கோத்தகிரியிலிருந்து கோடநாடு, ஒரு பக்கம் 18 கிலோமீட்டர். எஸ்டேட்டுகளுக்கு நடுவே போகும் ரோடு, காலை எட்டு மணிக்குப் பச்சைத் தேயிலை பறிக்கிறவர்கள் வரிசையாக நடந்து போவார்கள், எல்லோரும் நின்று ஒரு வார்த்தை பேசுவார்கள். தனியாக ஓட்டும் பெண்ணுக்கு அந்த ரோட்டில் இருக்கும் நிம்மதி வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. ஊட்டிப் பக்கம் போனால் முத்தோரை பாலாடா வழியாக எமரால்டு. கேரட் வயலும் பள்ளத்தாக்குமாக இருக்கும்.

கல்லட்டிக்கு இறங்காதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு, இறக்கம் கடுமை, கார்களே பிரேக் சூடாகி விழுந்த இடம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுவது ஒரு வருடம் ஓட்டிய பிறகு நீங்களே ஆசைப்படுவீர்கள். 33 கிலோமீட்டரில் 1,400 மீட்டருக்கு மேல் உயரம், சராசரி 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், சரியான கியரோடு ஐந்து மணி நேரம் வைத்துக்கொண்டால் முடியும். மே மாதச் சீசனில் மட்டும் வேண்டாம். அப்போது ஒருவழிப்பாதை போட்டு, ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டியையெல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள்.

நேரத்தில் ஒரு எச்சரிக்கை. சமவெளியில் சைக்கிள் குழுக்கள் விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புவார்கள். நம் ஊரில் அதைச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் காட்டு மாடும் கரடியும் ரோட்டில்தான் இருக்கும். நன்றாக வெளுத்த பிறகு, ஆறே முக்கால், ஏழு மணிக்குக் கிளம்புங்கள். போன பிப்ரவரியில் கோடநாடு ரோட்டில் மூடுபனிக்குள் ஒரு வளைவு திரும்பினேன். ரோட்டோரத்தில் பாறை என்று நினைத்தது தலையைத் திருப்பியது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி நான்கு கால், மூக்கிலிருந்து புகை. பதினைந்து அடி தூரம் இருக்கும். மணி அடிக்கவில்லை, கத்தவில்லை. இறங்கி, சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் பின்னாலேயே நடந்தேன். பத்து நிமிடம் கழித்து அது தேயிலைக்குள் இறங்கிப் போனது. தனி மாடு என்றால் இன்னும் தூரம் விடுங்கள், ஓவர்டேக் செய்யலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். பனி இருக்கும் நாளில் பின்னால் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கட்டும்.

வெளிப்படையாகப் பேச வேண்டியது கழிவறை. எங்கே போவது என்ற பயத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே ஓட்டுகிறார்கள். தலைவலி, தசைப்பிடிப்பு, அப்புறம் நீர்க்கடுப்பு. குளிரில் தாகமும் தெரியாது. பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்ட், உட்கார்ந்து சாப்பிடும் பேக்கரி, இவை எங்கெங்கே என்று ரூட் முடிவு செய்யும்போதே குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் ரோட்டில் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கேட்டால் ஒருவரும் மறுத்ததில்லை, ஒரு டம்ளர் டீயும் கொடுத்து அனுப்புவார்கள். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வழியில் வாங்க முடியாது, ஊர்களில் தண்ணீர் ஏடிஎம்தான்.

சாப்பாடு பெரிய விஷயம் இல்லை. இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுக் கிளம்புங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் பாக்கெட்டில் கடலை மிட்டாய். வர்க்கி டீயோடு உட்கார்ந்து சாப்பிடத்தான், ஓட்டிக்கொண்டே கடித்தால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். துப்பட்டா வீட்டில் இருக்கட்டும், வலது கால் பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். ஏறும்போது வியர்க்கும், இறங்கும்போது அந்த வியர்வை ஐஸ் மாதிரி குளிரும், அதனால் மடித்து வைக்கிற விண்ட்சீட்டர் ஒன்று. ஹெல்மெட் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சர் ஒட்டத் தெரிய வேண்டாம், டியூப் மாற்றத் தெரிந்தால் போதும். ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டு முற்றத்தில் மூன்று தடவை கழற்றி மாட்டினால் வந்துவிடும்.

முழங்கால் தேய்மானம் இருக்கிறது, அல்லது ஆபீஸுக்குத் தினமும் போக வேண்டும் என்றால் மோட்டார் உதவும் சைக்கிள் நல்ல வழி. 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்றால் லைசென்ஸ் தேவையில்லை. நம் ஏற்றத்தில் கம்பெனி சொல்லும் தூரத்தில் பாதிதான் ஓடும் என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள். அதை ஓட்டுவது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் சிரிப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். என் வீட்டிலும் சிரித்தார்கள். விளக்கம் சொல்லி மாற்ற முடியவில்லை. ஒருநாள் என் கணவரை என்னுடைய கியர் சைக்கிளில் உட்கார வைத்து, லேசான கியரில் போட்டு, எங்கள் தெரு ஏற்றத்தில் விட்டேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்து, "இதுல இவ்ளோ லேசா இருக்கு?" என்றார். இப்போது செயினுக்கு எண்ணெய் விடுவது அவர்தான்.

முதலில் அந்த அட்டையில் உட்கார்ந்து அளந்து பாருங்கள். உங்கள் உயரம், அந்த அளவு, ஹீமோகுளோபின் இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள், எந்த ஃபிரேம், எந்த சீட் என்று சொல்கிறேன். கடைக்குப் போகும் நாள் சனிக்கிழமையாக இருந்தால் நானும் கோயம்புத்தூர் வருகிறேன், சேர்ந்தே பல் எண்ணலாம்.